மேஸ்திரி நடந்து போகிறார்

"உக்காந்ததால எவனாச்சும் செத்துருக்கானா? நாலு எழுத்து படிச்சுட்டா எத வேணும்னாலும் சொல்லிடலாமா?"

சித்தப்பா இதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளின் சேற்றைப் பழந்துணியால் துடைத்தபடி, அந்தச் சைக்கிளிடம் சொல்வதுபோலச் சொன்னார். வெளியே ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து ஈர விறகின் புகை கூடம்வரை வந்தது.

கூடத்தின் நடுவில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரிலும் அவர் கழுத்தில் வேர்வை வழிந்தது. அம்மா விசிறிக்கொண்டிருந்தாள். தெருவில் சேறு அதிகம் என்பதால் அப்பா முனையிலேயே சைக்கிளைவிட்டு இறங்கி வீடுவரை நடந்து வந்திருந்தார். அந்தச் சின்னத் தூரத்துக்கே அவ்வளவு மூச்சிரைப்பு.

"நான் சொல்லல சித்தப்பா. டாக்டர் சொன்னாரு. நானும் பக்கத்துலதான நின்னேன்."

"டாக்டருன்னா மருந்து குடுக்கணும். நடன்னு சொல்றதுக்கு எதுக்கு டாக்டரு? டீக்கடையில நிக்கறவனே சொல்லிட்டுப் போறான்."

அப்பா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. தன் கால் கட்டைவிரலைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். வயிறு மறைத்தது.

"தை மாசம் மொத சூளைக்கு நானே உள்ள போவணும்" என்றார். "இல்லன்னா எங்கூட சூளையில நிக்கற கோதண்டம்தான் மேஸ்திரி. மேனேஜர் சொல்லிட்டாரு."

அம்மாவின் கையில் விசிறி நின்றுவிட்டது.

இந்தத் தொடரில் போன வாரம், நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளாக அதே பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கத் திரும்பியதைச் சொல்லி நிறுத்தியிருந்தேன். அந்தச் சந்தோஷத்தின் சூடு ஆறுவதற்குள் வந்ததுதான் இந்த மழைக்காலம்.

சூளை வாய்

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை தெரியாத தெரு கிடையாது. ஆனாலும் வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பா வேலை பார்த்தது சின்னக் கம்பெனி. ஊறுகாய் ஜாடி, கரண்டுக் கம்பத்துக் குமிழ், கொலுவுக்குப் பொம்மை, இவ்வளவுதான். இருந்ததும் ஒரே ஒரு பெரிய உருண்டைச் சூளை. சாமான்களை அப்படியே தீயில் வைத்தால் கறுத்துப் போகும். அதனால் தடித்த மண் பெட்டிகளுக்குள் வைத்து, அந்தப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரையை முட்டும்வரை அடுக்குவார்கள். சூளைக்குள் போய்ப் பார்த்தால் கல்தூண்கள் நெருக்கமாக நிற்கிற மண்டபம்போல இருக்கும். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குத்தான் சந்து.

ஓர் அடுக்கு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் போதும். தீ ஏற ஏற அது மேலும் சாய்ந்து பக்கத்து அடுக்கைத் தள்ளும். அது அடுத்ததைத் தள்ளும். அதனால் சூளையின் வாயைச் செங்கல் வைத்து மூடும் முன் மேஸ்திரி உள்ளே போவார். ஒவ்வோர் அடுக்கையும் விரல் முட்டியால் தட்டி, உள்ளங்கை வைத்து அழுத்திப் பார்ப்பார். வெளியே வந்து "கட்டலாம்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் கொத்தனார் முதல் செங்கல்லை எடுப்பார்.

அப்பா உள்ளே போய் வெகுகாலம் ஆகியிருந்தது. சூளை வாய் குட்டையானது, குறுகலானது. குனிந்துதான் நுழைய வேண்டும். அவருக்குக் குனிந்தால் மூச்சு முட்டியது. அதனால் அவருக்குக் கீழே வேலை பார்த்த சித்தப்பா உள்ளே போய் வருவார். "எல்லாம் நேரா இருக்குதுண்ணே" என்பார். அப்பா நாற்காலியில் இருந்தபடியே "கட்டலாம்" என்பார்.

மழைக்காலத்தில் சூளை போட மாட்டார்கள். அதற்கு முன் கடைசியாக, தீபாவளிக்கு முன் போட்ட சூளையைத் திறந்தபோது உள்ளே ஒரு பக்கம் முழுவதும் சரிந்து, ஜாடியும் பெட்டியும் ஒன்றாக உருகி ஒட்டிக் கிடந்தது. மேனேஜர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"மேஸ்திரி, நீங்க உள்ள போயிப் பாத்தீங்களா?"

அப்பாவுக்குப் பொய் வராது.

அதற்குப் பிறகுதான் கம்பெனிக்கு வாராவாரம் வரும் டாக்டரிடம் அவரை அனுப்பினார்கள். டாக்டர் இங்கிலீஷில் எதாவது சொன்னால் புரியாதே என்று அப்பா என்னையும் கூட்டிப் போனார். டாக்டர் அழகான தமிழில்தான் பேசினார்.

"முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?"

"பெட்டி தூக்கினேன் சார். தலைச்சுமை."

"இப்ப?"

"உக்காந்துருக்கேன் சார்." இதைச் சொல்லும்போது அப்பாவின் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"வீட்டுல?"

அப்பா என்னைப் பார்த்தார். "வூட்டுலயும் உக்காந்துதான் இருப்பாருங்க" என்றேன்.

டாக்டர் அவரை எடை மேடையில் ஏற்றினார். கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பெட்டி தூக்குறவனுக்கான சோத்தை இன்னும் சாப்பிடறீங்க. பெட்டியைத்தான் காணோம். அந்தச் சோறெல்லாம் எங்க போகும்? இங்கதான் தங்கும்." அப்பாவின் வயிற்றைக் காட்டினார். "இப்படியே இருந்தா மேஸ்திரி வேலை மட்டும் இல்லை, நீங்களே இருக்க மாட்டீங்க. நடங்க. தினமும் நடங்க."

நாற்காலி வந்த பிறகு

என் சின்ன வயதில் அப்பா ஒல்லியாக, கறுத்து, முறுக்கிய கயிறுபோல இருப்பார். மத்தியானம் பெரிய வட்டிலில் குவித்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பெட்டி தூக்கப் போய்விடுவார். விலா எலும்பை எண்ணலாம். தெருவில் யாரும் அவரை நின்று பார்த்ததில்லை.

மேஸ்திரி ஆனதும் கம்பெனியில் சூளைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டார்கள். அடுத்த மாதமே வீட்டிலும் ஒரு நாற்காலி வந்தது. எங்கள் தெருவில் முதல் நாற்காலி அதுதான். பார்க்க வந்தவர்கள் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்கள். யாரும் உட்காரவில்லை.

அன்றிலிருந்து அப்பாவைக் குனிய விடுவது எங்களுக்கு அவமானமாகிவிட்டது. துண்டு விழுந்தால் நான் எடுப்பேன். சொம்பு அவர் கைக்கே போகும். கை கழுவத் தண்ணீரும் தட்டும் நாற்காலிக்கே வரும். கம்பெனியிலும் அதே கதைதான். பதினோரு மணிக்குப் போண்டாவும் டீயும் நாற்காலிக்கு வந்துவிடும். அம்மாவும் களிமண் பிசையும் வேலையை விட்டு நின்றாள். அவளுக்கும் முழங்கால் வலி ஆரம்பித்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, சைக்கிள். காலையில் சித்தப்பா வருவார். அப்பா கேரியரில் உட்காருவார். சித்தப்பா மிதிப்பார். எங்கள் ஊர்க் கம்பெனிகளில் மேஸ்திரி என்றால் தானே சைக்கிள் மிதிக்க மாட்டார், நடக்கவும் மாட்டார். ஓர் ஆள் மிதிக்க, பின்னால் உட்கார்ந்து போவார். மேஸ்திரியைக் கேரியரில் வைத்து மிதிக்கிறவனுக்கும் கம்பெனியில் ஒரு மரியாதை உண்டு. சித்தப்பாவின் மரியாதை முழுவதும் அந்தக் கேரியரில்தான் இருந்தது.

அப்பாவுக்குத் தொந்தி வந்தபோது யாரும் அதை வியாதி என்று சொல்லவில்லை. "மேஸ்திரி இப்பதான் பூசினாப்ல இருக்காரு" என்றார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து அத்தை வந்தபோது அண்ணனைக் கண்டு கண் கலங்கிச் சந்தோஷப்பட்டாள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மளிகைக்கடைக்காரர்போல, ஆபீஸ் குமாஸ்தாபோல, தன் அண்ணனுக்கும் ஓர் உடம்பு வந்துவிட்டதே என்று.

நானும் யோசித்துப் பார்த்தேன். அப்பாவின் சோறு மாறவில்லை. அதே வட்டில், அதே அம்மா, அதே கை அளவு. மாறியது ஒன்றுதான்: காலையிலிருந்து இருட்டும்வரை அவர் உடம்பில் கையும் வாயும் தவிர எதுவும் அசையவில்லை. டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்த அளவுக்கு வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

டாக்டரிடம் போய் வந்த அன்றிரவு அம்மா சோறு போடும்போது, "பாதி போதும்மா" என்றேன்.

"சம்பாரிக்கிற ஆம்பளைக்கு அர வயித்து சோறா? ஊரு என்னா பேசும்?"

"ஊரு வந்து வட்டில எட்டிப் பாக்குதா?"

அம்மா கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பாதி போட்டேன். அப்பா அதை மட்டும் சாப்பிட்டு எழுந்தார். பசியோடு தூங்கப் போகிறவரைப் பார்ப்பது எனக்கும் சுலபமாக இல்லை.

மேஸ்திரிக்கு வேலை போயிடுச்சாமே

மறுநாள் அப்பா நடந்தார்.

சித்தப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பக்கத்தில் போனார். "ஏறிக்கிடுண்ணே, யாரும் பாக்கல" என்று தெருமுனைவரை சொல்லிக்கொண்டே போனாராம். பிறகு கோபத்தில் ஏறி மிதித்துப் போய்விட்டார்.

ரயில்வே கேட், மரவாடி, அதைத் தாண்டிச் சின்ன மதகு, அப்புறம் கம்பெனி. பிள்ளைகள் விளையாட்டாக ஓடிவிடுகிற தூரம். அப்பா மரவாடியில் நின்றார். மதகில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

வாரம் முடிவதற்குள் குழாயடியில் அம்மாவிடம் ஒருத்தி கேட்டுவிட்டாள். "மேஸ்திரிக்கு வேலை போயிடுச்சாமே? பாவம், நடந்து போறாரு."

இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. கேரியரிலிருந்து இறங்கிய மேஸ்திரி பதவியிலிருந்தும் இறங்கிவிட்டார் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. கம்பெனியிலும் அப்படித்தான். பெட்டி தூக்குகிறவர்கள் அப்பா சொல்வதைக் கேட்டுவிட்டு, ஒரு பார்வை கோதண்டத்தைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். கோதண்டம் கெட்டவர் அல்ல. ஒல்லியான, வேகமாகப் பேசுகிற மனிதர். ஒருநாள் அப்பா தண்ணீர் குடிக்கப் போனபோது அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அப்பா திரும்பி வந்ததும், "வாங்கண்ணே" என்று சாவகாசமாக எழுந்தாராம். அந்தச் சாவகாசம்தான் அப்பாவை அறுத்தது.

"தை வரைக்கும் தள்ளவே வேணாம் போலருக்குது" என்றார் சித்தப்பா. "நீயே நடந்து நடந்து அவனுக்கு வேலையக் குடுத்துடுவ."

அப்பா ஓரிரு நாளில் கேரியருக்குத் திரும்பிவிடுவார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

துணை

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தெருவில் ஹைஸ்கூல் வரை போன முதல் பெண் நான். வயதுக்கு வந்த பிறகும் தனியாகப் போன முதல் பெண்ணும் நான்தான். அந்த நாட்களில் டீக்கடை பெஞ்சில் என்னைப் பற்றிப் பேசாத பேச்சில்லை. பதில் சொல்லாமல், தலை குனியாமல், நடையை வேகமாக்காமல் போய் வந்தேன். வாத்தியாராகத் திரும்பி, கறுப்புக் குடையும் தோள்பையுமாக அதே ரோட்டில் போனபோது அந்த பெஞ்சில் குரல்கள் தணிந்தன. சிலர் காலை மடக்கி வழிவிட்டார்கள். சம்பளத்தைவிட எனக்கு அது பெரிது. துணையில்லாமல் நடந்து வாங்கிய மரியாதை.

மறுநாள் காலை அப்பா நடந்தேதான், எனக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பியிருந்தார். நான் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது டீக்கடையில் அவரை நிறுத்தியிருந்தார்கள்.

"என்னா மேஸ்திரி, சைக்கிளு பஞ்சரா? தம்பி கோவிச்சுக்கிட்டாரா?"

"இல்ல, அது வந்து..."

"வேற எதுனா விசேசமா? சொல்லுங்க, நாங்களும் தெரிஞ்சுக்கிறோம்."

சிரிப்பு. அப்பாவின் காது சிவந்திருந்தது. மூச்சு வாங்கியதில் வார்த்தை வரவில்லை. அப்போது அவர் என்னைப் பார்த்தார். நான் குடையோடு வந்துகொண்டிருந்தேன்.

"பொண்ணு ஸ்கூலுக்குப் போவுது" என்றார். "தனியாப் போவுதேன்னு தொணைக்கு வரேன்."

சிரிப்பு நின்றது. பெரியவர் ஒருவர் தலையாட்டினார். "அதுவும் சரிதான். காலம் அப்படி இருக்குது."

எனக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. இத்தனை வருஷம் துணையில்லாமல் நடந்ததெல்லாம் ஒரு நொடியில் இல்லாமல் போயிற்று. இவர்கள் முன்னாலேயே. "நான் தனியாத்தானப்பா போவேன், எனக்கெதுக்குத் துணை" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் அப்பா அந்த இடத்திலேயே பொய்யராகியிருப்பார். மறுநாள் கேரியர். தை மாதம் கோதண்டம். அதற்குப் பிறகு, டாக்டர் சொன்ன இன்னொன்று.

"நேரமாவுது, வாங்கப்பா" என்றேன்.

இரண்டு பேரும் நடந்தோம். மரவாடியில் நின்றார். நானும் நின்று, குடையைச் சரி செய்வதுபோல மடக்கி விரித்துக்கொண்டிருந்தேன். அவர் மூச்சு அடங்கும்வரை.

என் பள்ளிக்கூடம் கம்பெனிக்கு வழியில் இல்லை, கொஞ்சம் சுற்று. அப்பா என்னைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிக் கம்பெனிக்குப் போக வேண்டும். சாயங்காலமும் வந்து நின்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் அவர்.

பேச்சு திரும்பியது

ஊருக்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது. அப்பா நடக்கலாம். கம்பெனியிலும் பார்வைகள் அவர் பக்கமே திரும்பின. ஆனால் ஊர் ஒரு காரணத்தோடு நிற்காது.

கார்த்திகையில் அம்மா குழாயடியிலிருந்து காலிக் குடத்தோடு திரும்பி வந்தாள். "இவ்வளவு நாள் தனியா வுட்டவரு இப்ப எதுக்குக் காவலுக்குப் போறாருன்னு கேக்கறாளுங்க. எதுவோ நடந்துருக்குதாம். எவனையோ பாத்துட்டாராம். அய்யோ தனம், உனக்கு இன்னும் கல்யாணம் ஆவலடி."

அப்பா சட்டை போட்டுக்கொண்டிருந்தார். பொத்தானில் கை நின்றது.

"போதும்" என்றாள் அம்மா அவரிடம். "வேலை போனாப் போவட்டும். பொண்ணு பேரு போனா வாங்க முடியுமா?"

சித்தப்பா அதற்குள் சைக்கிளோடு வந்துவிட்டார். எப்படித்தான் அவருக்குத் தெரிந்ததோ. "நான் அன்னிக்கே சொன்னேன். ஏறுண்ணே."

அப்பா கேரியரில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. "உன்னப் பத்திப் பேசறத கேட்டுட்டு என்னால நடக்க முடியாது பாப்பா."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். பேர் என்பது எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாதா? அன்று டீக்கடையில் பட்ட அடியே இன்னும் ஆறவில்லை. இப்போது இது.

"அப்பா, இறங்குங்க."

"தனம்" என்றாள் அம்மா.

"பேசறவங்க பேசட்டும். தை மாசம் சூளைக்குள்ள போவப் போறது அவங்க இல்ல. அப்பாதான். அங்க மூச்சு முட்டி நின்னா இவங்கள்ல யாரு போயி இழுத்துட்டு வருவாங்க?"

"மரியாதையாப் பேசு" என்றார் சித்தப்பா.

"நீங்க உள்ள போயி நேரா இருக்குதுன்னு சொன்னீங்களே சித்தப்பா, அது எந்த மரியாதை?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு நினைத்ததுண்டு. அப்போது நினைக்கவில்லை. சித்தப்பாவின் கை ஹேண்டில்பாரில் இறுகியது. நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. தெரு பாதி தாண்டும்வரை என் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு பின்னால் இன்னொரு செருப்பு, கனமாக, இழுத்து இழுத்து வந்தது. நான் நடையைக் குறைத்தேன்.

மார்கழி முழுவதும் நடந்தோம். பனியில் ரோட்டோரம் கோலமும் பூசணிப் பூவுமாக இருந்தது. மரவாடியில் நிற்பது தானாகவே விட்டுப்போயிற்று. ஒருநாள் மதகையும் உட்காராமல் தாண்டிவிட்டோம். தாண்டிய பிறகுதான் இருவரும் கவனித்தோம். முதலில் நடந்தால் பேச முடியாது, பேசினால் நடக்க முடியாது என்றிருந்தவர் மெல்ல மெல்லப் பேசிக்கொண்டே நடந்தார். நாற்காலியில் இருந்த அப்பா என்னிடம் ஏவல்தான் சொல்லியிருக்கிறார். நடக்கிற அப்பா கேள்வி கேட்டார். வகுப்பில் பிள்ளைகள் அடங்குகிறார்களா, கணக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பாய், இங்கிலீஷில் பீங்கானுக்கு என்ன பேர்.

வேட்டி முடிச்சு கொஞ்சம் உள்ளே போயிற்று. அம்மா சோற்றைத் தானே குறைத்துப் போட ஆரம்பித்தாள், பொரியலைக் கூட்டினாள். பொங்கல் நெருங்கியும் தொந்தி இருக்கத்தான் செய்தது. டாக்டரின் எடை மேடையில் முள் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. "இது போதாது. ஆனா வழி சரி" என்றார் அவர்.

போதாது என்ற சொல்லை அப்பா வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

தை மாதச் சூளை

அன்று நான் அரை நாள் லீவு போட்டேன். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் தூக்குவாளியோடு கம்பெனிக்குப் போனேன்.

அடுக்கு முடிந்திருந்தது. கொத்தனார் செங்கல்லை நனைத்து வைத்திருந்தார். மேனேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். களிமண் பிசைகிற பெண்கள் கை மண்ணைத் துடைக்காமலே வந்து ஒதுங்கி நின்றார்கள்.

"அண்ணே, சிரமம்னா சொல்லுங்க" என்றார் கோதண்டம். "நான் பாத்துட்டு வந்துடறேன். உங்க பேர்லயே சொல்லிடலாம்."

அப்பா சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சூளை வாயில் ஒரு கை வைத்துக் குனிந்தார்.

தலை போயிற்று. தோள் போயிற்று. வயிறு செங்கல்லில் பட்டு நின்றது. முதுகில் வேர்வை மினுங்கியது. அவர் பின்வாங்கி, பக்கவாட்டில் திரும்பி, மூச்சை வெளியே விட்டு, மறுபடியும் நுழைந்தார். செங்கல் தோலை உராய்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு குதிகால் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

உள்ளிருந்து ஒன்றும் கேட்கவில்லை.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தச் சந்துக்குள் திரும்பக்கூட இடமில்லை. மயங்கி விழுந்தால் ஓர் அடுக்கைத் தள்ளிக்கொண்டுதான் விழ வேண்டும். என் கையில் சட்டை சுருண்டிருந்தது.

சித்தப்பா வாய்க்கருகே போய்க் குனிந்தார். "அண்ணே?"

பதில் இல்லை.

"அண்ணே." குரல் மாறியிருந்தது.

பிறகு டக் டக் என்று விரல் முட்டி மண்பெட்டியில் தட்டும் சத்தம் வந்தது. நின்றது. தள்ளி இன்னோர் இடத்தில் வந்தது. இடையில் அவர் மூச்சு, துருத்திபோல. மறுபடி தட்டல்.

"ஆறுமுகம்." அப்பாவின் குரல் குகையிலிருந்து வருவதுபோல வந்தது. "மூலை அடுக்கு சாஞ்சிருக்குது. அடியில தட்டையான ஓடு ஒண்ணு குடுக்கணும். எடுத்துட்டு உள்ள வா."

சித்தப்பா ஓட்டோடு உள்ளே நுழைந்தார். மேல் பெட்டிகளை இறக்கி, ஓடு வைத்து, மறுபடி ஏற்றினார்கள். வெளியே வந்தபோது அப்பா தலையிலிருந்து கால்வரை செம்மண் தூசு. விலாவில் இரண்டு பக்கமும் தோல் உராய்ந்து ரத்தம் பொட்டுப் பொட்டாக நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். எல்லோரும் காத்திருந்தோம்.

"கட்டலாம்" என்றார்.

கொத்தனார் முதல் செங்கல்லை எடுத்தார். மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார். கோதண்டம் தானே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அதை ஒரே மூச்சில் குடித்தார். நான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம்

அம்மா விலாவில் மஞ்சள் பற்றுப் போட்டாள். சித்தப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பல வாரங்களுக்குப் பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஆனது ஆச்சு" என்றார் சித்தப்பா. "வேலையக் காப்பாத்தியாச்சு. நாளையிலேருந்து நான் சைக்கிள எடுத்துட்டு வரேண்ணே."

அப்பா என்னைப் பார்த்தார். "பாப்பாவுக்கும் அதுதான் நல்லது. என்னால அது நெறய பேச்சு கேட்டுடுச்சு. இனிமே முன்ன மாதிரி தனியாவே போவட்டும். ஊரு வாயும் அடங்கும்."

எனக்கு வேண்டியதே அதுதான். குடை, பை, நான் மட்டும், அந்த ரோடு. கை நீட்டினால் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் டாக்டர் "வழி சரி" என்றுதான் சொன்னார். வந்து சேர்ந்துவிட்டோம் என்று சொல்லவில்லை. கேரியர் வந்தால் போண்டா வரும். மாசிக்குள் வேட்டி முடிச்சு பழைய இடத்துக்கு வந்துவிடும்.

"தனியா போவ முடியாதுப்பா" என்றேன்.

"ஏன்?"

"எங்க நிர்வாகத்துக்கே ஆத்துக்கு அந்தாண்ட இன்னொரு ஸ்கூலு இருக்குதுல்ல. அங்க ஒரு டீச்சர் பிரசவ லீவுல போறாங்க. தூரம்னு யாரும் ஒத்துக்கல. திங்கக்கெழமையிலேருந்து நான் அங்க போவணும். பாலம் தாண்டி, காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். தொணை இல்லாம எப்படிப் போறது?"

அப்பா பற்றுப் போட்ட விலாவைத் தடவியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாலம்வரை உள்ள தூரத்தை மனசுக்குள் நடந்து பார்க்கிறார் என்று தெரிந்தது.

"யாரு உன்ன அங்க மாத்துனது?" என்றாள் அம்மா.

யாரும் மாற்றவில்லை. அன்று காலை அரை நாள் லீவு கேட்கப் போனபோதே, அப்பா சூளைக்குள் நுழைவாரா மாட்டாரா என்று தெரியும் முன்பே, அந்தப் பள்ளிக்கு நான் போகிறேன் என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.